போ பாய்க்குள்ள வனாமி இறா

போன பொங்கல் வரைக்கும் அந்த இடத்துல ஒரு மெத்தை கடை இருந்துச்சு. ஹூஸ்டன்ல ஐ-10 ஹைவே ஓரமா எந்த ஸ்ட்ரிப் மாலுக்குப் போனாலும் ஒரு மெத்தை கடை, ஒரு நெயில் சலூன், ஒரு வேப் கடை இருக்கும், மெத்தை கடைக்குள்ள ஒரு மனுஷன் போயி நான் பாத்ததில்ல ஆனா கடை மட்டும் வருஷக்கணக்கா ஓடும், எப்டின்னு இன்னிக்கு வரைக்கும் புரியல. அது ஒருநாள் காலியாயி, கண்ணாடி முழுக்க பேப்பர் ஒட்டி, உள்ள தட்டுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. மார்ச் முதல் வாரம் பேப்பரை கிழிச்சப்ப பாத்தா சுவரெல்லாம் ஊதா, பச்சை, மஞ்சள், வாசல்ல ஆளு உசரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் முதலை, மேல போர்டுல கொட்டை எழுத்துல 'கேஜன் சாண்ட்விச்'.

அந்த ரெண்டு வார்த்தையை பாத்ததும் எனக்குள்ள இருக்குற வாத்தியார் முழிச்சுக்கிட்டாரு. காரணம் இருக்கு. நான் 2006லேந்து 2008 வரைக்கும் லூசியானாவுல லாஃபயட்ங்குற ஊர்ல எம்.எஸ். படிச்சவன். யூனிவர்சிட்டி டீமுக்கு பேரே ரேஜின் கேஜன்ஸ். கேம்பஸ் நடுவுல சைப்ரஸ் லேக்னு ஒரு குட்டை, அதுல நெஜ முதலையே கெடக்கும், புதுசா வர்ற பசங்களை கூட்டிட்டுப் போயி காட்டுறதுதான் எங்களுக்கு ராகிங். ரூம்ல நாலு பேரு, கையில காசு கெடையாது, ஊர்லேந்து கொண்டுவந்த பொடியெல்லாம் தீந்தப்புறம் பச்சை டப்பாவுல விக்கிற டோனி சாஷெரிஸ் மசாலாவை முட்டைப் பொரியல்ல ஆரம்பிச்சு தயிர் சாதம் வரைக்கும் தூவி சாப்ட்ட கூட்டம் நாங்க. அதனால கேஜன் சாப்பாடு பத்தி யாராச்சும் பேசினா நடுவுல பூந்து திருத்துறதுக்கு எனக்கு நானே ஒரு லைசென்ஸ் குடுத்து வெச்சிருக்கேன். வீட்ல இதை வியாதின்னு சொல்லுவாங்க.

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸ் தம்பி ஒருத்தனை கூட்டிக்கிட்டு கிளம்பினேன். கும்பகோணத்து பையன், வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, மாடு பன்னி ரெண்டும் சாப்பிட மாட்டான், மத்ததெல்லாம் ஓகே. "போ பாய்னு போட்ருக்காங்களேண்ணே, அது என்ன, பிரியாணி பாயை போகச் சொல்றதா?"ன்னு கார்லயே ஆரம்பிச்சான். அவ்ளோதான், எனக்கு அது போதும்.

மொதல்ல கேஜன் சாண்ட்விச்ங்குறதே தப்புடான்னேன். போ பாய்ங்குற இந்த நீள ரொட்டி சாண்ட்விச் நியூ ஆர்லியன்ஸ் பட்டணத்து சாப்பாடு. கேஜன் ஜனங்க இருக்குறது அங்கேந்து கார்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல மேற்கால, சதுப்பும் வயலும் வாய்க்காலுமா இருக்குற நாட்டுப்புறத்துல. மதுரை ஜிகர்தண்டாவை கோயம்புத்தூர் ஸ்பெஷல்னு போர்டு வெச்சு வித்தா எப்டி இருக்கும், அப்டித்தான் இது. கேஜன்கள் அடிப்படைல சோத்து ஜனம். காலைல பெட்ரோல் பங்குலயே பூடான் வாங்கி சாப்பிடுவாங்க, அது பன்னிக்கறியும் ஈரலும் சோறும் மசாலாவும் சேத்து குடல்ல அடைச்சு அவிச்சது. அங்க நெல்லு வயல்லயே அறுப்புக்கு அப்புறம் தண்ணி கட்டி க்ராஃபிஷ் வளப்பாங்க, பாக்க குட்டி சிங்கி இறா மாதிரி இருக்கும். நம்ம ஊர்ல நடவு நேரத்துல வரப்புல பொந்து போடுமே வயல் நண்டு, அந்த ஞாபகம்தான் எனக்கு மொதல் தடவை பாத்தப்ப வந்துச்சு, ஆனா நம்ம நண்டை விரட்டுறோம் அவன் அதுக்கு தண்ணி கட்டி வளக்குறான்.

அவங்க யாருன்னு கேட்டான். இப்ப கனடாவுல நோவா ஸ்கோஷியான்னு சொல்றோமே, அந்தப் பக்கம் அகாடின்னு ஒரு பிரெஞ்சு குடியேற்றம் இருந்துச்சு. 1755ல வெள்ளக்காரன், அதாவது பிரிட்டிஷ்காரன், விசுவாசப் பிரமாணம் எடுன்னு சொன்னதுக்கு இவங்க ஒத்துக்கல, குடும்பம் குடும்பமா கப்பல்ல ஏத்தி மூலைக்கு ஒண்ணா தொரத்திட்டான். வீட்டையும் கொளுத்திட்டான். நோயிலயும் பட்டினியிலயும் கப்பல் முழுகியும் ஆயிரக்கணக்குல பேரு போய்ச் சேந்தாச்சு, மிச்ச பேர்ல கொஞ்சம் கொஞ்சமா 1760கள்லேந்து லூசியானாவுக்கு வந்தாங்க, 1785ல பிரான்ஸ்லேந்து ஏழு கப்பல்ல ஒரே வருஷத்துல ஆயிரத்து ஐநூறுக்கு மேல வந்து எறங்கினாங்க. அகாடியன்ங்குற வார்த்தை வாயில உருண்டு உருண்டு தேஞ்சு கேஜன் ஆச்சு.

நான் லாஃபயட்ல இருந்தப்ப எங்க ஹவுஸ் ஓனர் எழுபது வயசு தாத்தா. அவருக்கு ஸ்கூலுக்குப் போற வரைக்கும் இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாதாம், வீட்ல பிரெஞ்சுதான். லூசியானா 1921 அரசியல் சட்டத்துல இங்கிலீஷ்லதான் பாடம்னு எழுதிட்டாங்க, ஸ்கூல்ல பிரெஞ்சு பேசினா முட்டி போடணும், இல்லாட்டி 'இனிமே பிரெஞ்சு பேச மாட்டேன்'னு நூறு தடவை எழுதணும். தாத்தா தன் பசங்களுக்கு பிரெஞ்சே சொல்லிக் குடுக்கல. 1968ல அரசாங்கமே முழிச்சுக்கிட்டு பிரெஞ்சை காப்பாத்துறதுக்கு ஒரு கவுன்சில் வெச்சுச்சு, பல வருஷம் கழிச்சு அவர் பேரனுக்கு பிரெஞ்சு சொல்லிக் குடுக்க பெல்ஜியம்லேந்து வாத்தியார் வந்தாராம், தாத்தா பேசுற பிரெஞ்சை அந்த வாத்தியார் தப்பு தப்புன்னு திருத்தினாராம். சொல்லிட்டு சிரிப்பாரு, ஆனா அந்தக் கதையை ஒரு இருபது தடவை சொல்லிருப்பாரு. நான் படிச்ச மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல தமிழ் பேசினா ஒரு ரூபா ஃபைன், அதை அவர்ட்ட சொன்னேன், "ஒரு ரூபான்னா எவ்ளோ"ன்னு கேட்டாரு, கணக்கு போட்டு ரெண்டு சென்ட்னேன், "சல்லிசா விட்ருக்காங்க"ன்னாரு.

சரி, கடைக்கு வர்றேன். தவக்கால வெள்ளிக்கிழமைங்குறதை மறந்துட்டேன். கேஜன்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், லூசியானாவுலேந்து ஹூஸ்டன் வந்து செட்டில் ஆன ஜனம் ஏகப்பட்டது, தவக்காலத்துல வெள்ளிக்கிழமை கறி கெடையாது, மீனும் இறாவும்தான், அதனால கியூ முதலையைத் தாண்டி நெயில் சலூன் வாசல் வரைக்கும் நின்னுச்சு. எங்க ஊரு வேதாரண்யம், வேளாங்கண்ணி பக்கத்துல, தவக்கால வெள்ளின்னா மீன் மார்க்கெட்ல வெலை ஏறும்னு சின்ன வயசுலேந்தே தெரியும், இருந்தும் இங்க வந்து இந்த நாளாப் பாத்து நிக்கிறேன் பாருங்க.

உள்ள வாசனைதான் மொத விஷயம். வெங்காயம், செலரி, குடமொளகா மூணும் எண்ணெய்ல வதங்குற வாசனை, அதை அவங்க ஹோலி ட்ரினிட்டின்னு சொல்லுவாங்க, அவங்க ஊரு தாளிப்பு. அதுக்கு அடியில மாவு வறுபடுற வாசனை, அதுக்கு பேரு 'ரூ', கொழம்பை கெட்டியாக்குறது அதுதான். மைதாவை எண்ணெய்ல போட்டு அடுப்பை விட்டு நகராம கருப்பட்டி கலர் வர்ற வரைக்கும் கிளறணும், ஒரு நிமிஷம் போன் பாத்தா அடி புடிச்சுரும், அப்டியே கொட்டிட்டு மறுபடி மொதல்லேந்து. நான் ரூம்ல மூணு தடவை ட்ரை பண்ணி மூணு தடவையும் கருக்கிட்டேன். அந்த கலர் ரூ கடையில வந்தாச்சுன்னா பாதி பாஸ்.

கவுண்டர்ல ஒரு சின்னப் பொண்ணு. ஷ்ரிம்ப் போ பாய் ஃபுல்லுன்னு சொன்னேன், "ட்ரெஸ்டு?"ன்னுச்சு. தம்பி என் சட்டையைப் பாத்தான். லெட்டூஸ், தக்காளி, ஊறுகா வெள்ளரி, மயோனைஸ் எல்லாம் வெச்சுக் குடுக்கறதுக்கு பேருதான் ட்ரெஸ்டு, இல்லாட்டி வெறும் ரொட்டியும் இறாவும். அவனுக்கு மெனுவைப் பாத்து அலசினோம். கம்போன்னு ஒரு கெட்டி சூப்பு, அதுல ஆண்டூயி சாஸேஜ், பன்னி. ரெட் பீன்ஸ்ல ஆண்டூயி. ரோஸ்ட் பீஃப் மாடு. ஏதோ பச்சைக்கீரைன்னு இருந்துச்சு, அதுல கூட ஹாம் போட்டு வேக வெச்சிருக்கு. கடைசில கேட்ஃபிஷ் போ பாய்க்கு வந்தோம். "கெளுத்தியை போயி ரொட்டில வெச்சாண்ணே?"ன்னான். ரெண்டும் சேத்து முப்பது டாலருக்கு மேல, ஐபேடை திருப்பி வெச்சா டிப்பு 18, 20, 25ன்னு பல்லைக் காட்டுது, இன்னும் தட்டே கண்ணுல படல.

உக்காந்து காத்திருந்த நேரத்துல பேர் கதையை சொன்னேன். 1929 ஜூலைல நியூ ஆர்லியன்ஸ்ல ட்ராம் ஓட்டுறவங்க ஸ்ட்ரைக். பென்னி மார்ட்டின், க்ளோவிஸ் மார்ட்டின்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஃப்ரெஞ்ச் மார்க்கெட் பக்கம் காபிக் கடை வெச்சிருந்தாங்க, அவங்களும் முன்னாடி ட்ராம்ல வேலை பாத்தவங்கதான். ஸ்ட்ரைக் முடியுற வரைக்கும் யூனியன் ஆளுங்க யார் வந்தாலும் எங்க கடைல சாப்பாடு ஃப்ரீன்னு லெட்டர் எழுதிட்டாங்க. ஸ்ட்ரைக் பண்றவன் ஒருத்தன் வாசல்ல தெரிஞ்சா உள்ளேந்து "இந்தா இன்னொரு புவர் பாய் வர்றான்"னு குரல் குடுப்பாங்களாம், அது தேஞ்சு போ பாய். இதுல எனக்குப் பிடிச்ச இடம் ரொட்டிதான். பழைய பிரெஞ்சு ரொட்டி ரெண்டு முனையும் கூரா இருக்கும், அந்த முனையில ஒண்ணும் வெக்க முடியாது, வீண். நூத்துக்கணக்குல ஆளுங்களுக்கு சோறு போடணும்னா அது கட்டுபடியாவாது. ஜான் ஜெண்டூசான்னு ஒரு பேக்கரிக்காரர்ட்ட பேசி, இந்த முனைலேந்து அந்த முனை வரைக்கும் ஒரே பருமனா 40 இஞ்ச் நீளத்துல ரொட்டி சுட வெச்சாங்க. எங்க வெட்டினாலும் ஒரே சைஸ், யாருக்கும் முனை கெடைக்காது. பந்தியில கடைசி வரிசைக்கும் அதே சாம்பார் போற மாதிரி.

"அந்த ஸ்ட்ரைக் ஜெயிச்சாங்களாண்ணே?" இல்லடா, தோத்துட்டாங்க. சாண்ட்விச் மட்டும் நின்னுடுச்சு.

கூடை வந்துச்சு. மொதல்ல ரொட்டியை அமுக்கிப் பாத்தேன். போ பாய் ரொட்டி பகெட் இல்ல, பகெட்டை கடிச்சா மேல் அண்ணம் கிழிஞ்சுரும். இது அப்பளம் மாதிரி மெல்லிசா நொறுங்கணும், உள்ள பஞ்சு மாதிரி இருந்து வாயில வெச்சா அமுங்கிடணும், அதே நேரம் மயோனைஸும் தக்காளித் தண்ணியும் ஊறினா கிழியக் கூடாது. லூசியானாவுக்கு வெளில இந்த ரொட்டி சரியா கெடைக்கிறது லேசுல நடக்காது, பல கடைங்க சூப்பர் மார்க்கெட் ஹோகி ரொட்டியை வெச்சு ஒப்பேத்திடுவாங்க, மெத்து மெத்துன்னு பன் மாதிரி. இது நொறுங்குச்சு. என் சட்டை, மேஜை, தம்பி போன் எல்லாத்துலயும் துகள். எனக்கு கொஞ்சம் ஏமாத்தமாவே இருந்துச்சு, குறை சொல்லத் தயாரா வந்தவன் ஆச்சே. அப்புறம் விசாரிச்சதுல ரொட்டி வர்றது ஹூஸ்டன்ல ஒரு வியட்நாமிய பேக்கரிலேந்து. இதுலயும் அதிசயம் இல்ல, வியட்நாமும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரு, பான் மீ ரொட்டியும் இதுக்கு பங்காளி, 1975க்கு அப்புறம் வந்த வியட்நாம் குடும்பங்க கல்ஃப் கரை, அதாவது மெக்சிகோ வளைகுடா ஓரம் முழுக்க இறா போட்லயும் பேக்கரிலயும் கலந்துட்டாங்க. நியூ ஆர்லியன்ஸ்லயே டோங் ஃபூங்னு ஒரு வியட்நாமிய பேக்கரி ரொட்டியை வெச்சுத்தான் நெறைய பேரு போ பாய் பண்றாங்க.

இறா பதினெட்டு இருந்துச்சு, எண்ணினேன், இறா எண்ணாம சாப்பிடற பழக்கம் எங்க குடும்பத்துல கெடையாது. சோளமாவு கோட்டிங், மசாலா அளவா, உள்ள ஜூஸ் போகாம இருந்துச்சு. நல்லா இருந்துச்சுங்க, சும்மா சொல்லக் கூடாது. ஆனா நாக்குல எங்கயோ தெரிஞ்ச ருசி. கல்ஃப் இறால்ல ஒரு அயோடின் வாடை லேசா அடிக்கும், கடல் பாசி மாதிரி. இதுல அது இல்ல. லேசா இனிப்பு, சதை கெட்டி. எனக்கு சந்தேகம் வந்துச்சு, சொல்லல.

கை கழுவப் போனேன். ரெஸ்ட்ரூம் போற சந்துல, கிச்சன் பின் கதவுக்குப் பக்கத்துல காலி அட்டைப்பெட்டிங்க மடிச்சு சாத்தி வெச்சிருந்தாங்க. மேல் பெட்டியில 31/40னு போட்டிருந்துச்சு, ஒரு பவுண்டுக்கு எத்தனை இறா நிக்கும்ங்குற கணக்கு. அதுக்குக் கீழ, ப்ராடக்ட் ஆஃப் இந்தியா. அதுக்கும் கீழ பொடி எழுத்துல விசாகப்பட்டினம்.

ரெண்டு நிமிஷம் அந்த சந்துலயே நின்னேன். ஒருத்தர் எக்ஸ்க்யூஸ் மீ சொல்லி என்னைத் தள்ளிட்டுப் போனாரு.

வேதாரண்யத்துல எங்க சித்தப்பா இறா குட்டை வெச்சிருக்காரு. ஆறு குட்டை, எல்லாம் வனாமிங்குற வளப்பு இறா. முன்னாடி டைகர் இறா போட்டுக்கிட்டிருந்தாரு, வெள்ளைப்புள்ளி நோய் வந்து ரெண்டு தடவை மொத்தமா போச்சு, 2009ல வனாமிக்கு அரசாங்கம் பர்மிஷன் குடுத்தப்புறம் எல்லாரும் போல அவரும் மாறினாரு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு கரண்ட் போச்சுன்னா ஏரேட்டர் நிக்கும், ஏரேட்டர் நின்னா இறா மூச்சு முட்டி மேல வரும், சித்தப்பா ஜெனரேட்டரைப் போட ஓடுவாரு, அவர் கல்யாணத்தன்னிக்கு கூட அப்டி ஓடினாருன்னு சித்தி சொல்லும். அவருட்டேந்து இறா புடிக்க வர்றது ஆந்திரா ஏஜெண்ட் வண்டிதான். அங்கேந்து எங்க போவுதுன்னு கேட்டா "ஃபாரின்"ம்பாரு, அதுக்கு மேல அவருக்கும் தெரியாது. அமெரிக்கா வெளிலேந்து வாங்குற இறால்ல மொத எடம் இந்தியாவுக்கு, அது ஒரு கணக்கா பேப்பர்ல படிச்சிருக்கேன். அதை இப்பத்தான் மென்னு முழுங்கிட்டு வந்திருக்கேன்.

திரும்பி வந்தா எங்க மேஜைகிட்ட ஒரு அம்மா நின்னு தம்பிகிட்ட பேசிக்கிட்டிருக்காங்க. அறுபது அறுபத்தஞ்சு வயசு, தலையில துணி கட்டிருக்காங்க, ஏப்ரன் முழுக்க மாவு. கடை ஓனர். "எல்லாம் நல்லாருக்கா ஷா?"ன்னு என்னைக் கேட்டாங்க. ஷான்னா குஜராத்தி ஷா இல்ல, பிரெஞ்சுல அன்பேங்குற வார்த்தையை கேஜன்கள் அப்டித்தான் இழுத்து சொல்லுவாங்க, நம்ம ஊரு ஆயாங்க கண்ணுங்குற மாதிரி. பதினெட்டு வருஷம் கழிச்சு அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனாலும் வாயி சும்மா இருக்குமா. இறா கல்ஃபான்னு கேட்டுட்டேன்.

அந்தம்மா மறைக்கல. "போர்டுல பாருங்க, எங்கயாச்சும் கல்ஃப்னு எழுதிருக்கனா?"ன்னாங்க. பாத்தேன், நெஜமாவே எழுதல. லூசியானாவுல வெளிநாட்டு இறாவோ க்ராஃபிஷோ போட்டா ரெஸ்டாரண்ட்காரங்க அதை சொல்லியாகணும்னு 2019லயே சட்டம் வந்துருச்சு, அது டெக்சாஸ்ல இருக்குற தன்னைக் கட்டுப்படுத்தாது, ஆனா பொய் எழுத மனசு வரலன்னாங்க. கல்ஃப் இறா வாங்கினா தனக்கு அடக்கமே ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆவுது, போ பாய் 22 டாலர்னு வெச்சா எவன் வாங்குவான்.

இந்தியாவுல எங்கன்னு கேட்டாங்க. கடலோரம், சித்தப்பாவுக்கு இறா குட்டை இருக்குன்னேன். அந்தம்மா என்னை ஒரு நிமிஷம் பாத்தாங்க. "அப்ப உன் சித்தப்பாவாலதான் எங்கப்பா போட்டை வித்தாரு." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. தம்பி குனிஞ்சு கெளுத்தியை ஆராய ஆரம்பிச்சுட்டான்.

அவங்க ஊரு கேமரன், லூசியானாவோட தென்மேற்கு மூலைல கடலை ஒட்டி. அப்பா, பெரியப்பா, மாமா எல்லாரும் இறா போட்டு. வெளிநாட்டு பண்ணை இறா வந்து குவிய குவிய கரையில வெலை விழுந்துக்கிட்டே போயிருக்கு, டீசல் வெலை மட்டும் ஏறிருக்கு. 2005ல இந்தியா உட்பட சில நாட்டு இறாவுக்கு அமெரிக்கா தனியா வரி போட்டுச்சு, அதுவும் பெருசா நிறுத்தல. அப்புறம் அந்தம்மா புயலுங்க பேரை சொல்ல ஆரம்பிச்சாங்க, சொந்தக்காரங்க பேர் சொல்ற மாதிரி. ஆட்ரி 1957ல, அது அம்மா சொன்ன கதை, ஊர்ல நூத்துக்கணக்குல செத்துருக்காங்க. ரீட்டா 2005ல, வீட்டோட அடிக்கட்டை மட்டும் நின்னுச்சு. மறுபடி கட்டினோம். லாரா 2020ல வந்தா. அதோட போதும்னு இந்தப் பக்கம் வந்துட்டோம்.

நான் என் பங்குக்கு சொன்னேன். எங்களுக்கு 2004 டிசம்பர்ல சுனாமி, நாகப்பட்டினம் மாவட்டத்துலதான் தமிழ்நாட்டுலயே சாவு அதிகம், சித்தப்பாவோட பழைய குட்டைங்க எங்க இருந்துச்சுன்னே கண்டுபிடிக்க முடியல. அப்புறம் 2018 நவம்பர்ல கஜா, அது நேரா எங்க ஊர் பக்கமே ஏறுச்சு, தென்னை ஒண்ணு விடாம சாஞ்சுது. "கஜான்னா யாரு?"ன்னு கேட்டாங்க, பொம்பளை பேருன்னு நெனச்சிருக்காங்க போல. யானைன்னேன். அதுக்கு ரொம்ப நேரம் சிரிச்சாங்க, "எங்களுக்கு எல்லாம் அத்தை பேரா வெக்கிறானுங்க, உங்களுக்கு பாருங்க சரியா வெச்சிருக்காங்க"ன்னாங்க.

வனாமியைப் பத்தியும் சொன்னேன், சொல்லாம இருக்க முடியல. அது நம்ம கடல் இறாவே இல்ல. அதோட சொந்த ஊரு மெக்சிகோலேந்து பெரு வரைக்கும் இருக்குற பசிபிக் கரை. தாய் இறாவை ஹவாய்லேந்தும் ஃப்ளோரிடாலேந்தும் ப்ளேன்ல சென்னைக்கு கொண்டுவந்து நீலாங்கரைல தனிமைல வெச்சு டெஸ்ட் பண்ணி, அப்புறம்தான் ஹேட்சரிக்கு விடுவாங்க. அங்கேந்து குஞ்சு, நாங்க சீடுன்னு சொல்லுவோம், குட்டைக்கு வரும். நாலு மாசம் வளந்து ஐஸ்ல போயி, உறைஞ்சு, கப்பலேறி, ஹூஸ்டன்ல சோளமாவுல பொரியுது. "என்னைவிட ஜாஸ்தி ஊரு சுத்திருக்கு"ன்னாங்க அந்தம்மா. அப்புறம் சடார்னு முகம் மாறி, "ஆனா ஒண்ணு சொல்லு, உங்காளுங்க தலையை ஏன் கிள்ளிடுறாங்க? தலை இல்லாம ஸ்டாக் எதுல போடுறது? என் கம்போ இன்னும் எங்கம்மா கம்போ மாதிரி வரலன்னா அதுக்கு காரணம் அந்தத் தலைதான்"னு உண்மையாவே கோவிச்சுக்கிட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஃபேக்டரில தலை கிள்ளுறது எங்க ஊர்ப் பக்கத்து பொம்பளைங்க பல பேருக்கு வேலை, அதை சொல்லிருக்கலாம், அப்ப தோணல.

கம்போங்குற பேரே வெண்டக்காய்லேந்து வந்ததுதான்னு தம்பிக்கு நடுவுல எடுத்து விட்டேன், ஆப்பிரிக்காவுலேந்து அடிமையா புடிச்சிட்டு வந்த ஜனங்க வெண்டக்காயை சொன்ன வார்த்தை அது. "பன்னி இல்லாம வெண்டக்கா கொழம்பா வெச்சா நான் சாப்ட்ருப்பேன்ல"ன்னான்.

கிளம்புற நேரத்துல அந்தம்மா ரெண்டு சின்ன கப்புல காபி கொண்டுவந்து வெச்சாங்க, பில்லுல கெடையாது. "லான்யாப்"ன்னாங்க. இந்த வார்த்தை எனக்கு லாஃபயட்ல மொத வருஷமே தெரியும், எங்க காலேஜ்ல லான்யாப் டேன்னு வருஷா வருஷம் ஒரு நாள், பசங்களுக்கு க்ராஃபிஷ் வேக வெச்சு மூட்டை மூட்டையா கொட்டுவாங்க. தென் அமெரிக்காவுல கெச்சுவா மொழில பொறந்து, ஸ்பானிஷ்காரன் வாயில ஏறி, நியூ ஆர்லியன்ஸ்ல பிரெஞ்சு வேஷம் போட்ட வார்த்தை. அர்த்தம் ஒண்ணுதான், கொசுறு. காய் வாங்கினா கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் போடுவாங்கள்ல, அது.

தம்பி ஒரு வாய் குடிச்சுட்டு கப்பை கீழ வெக்கல. "ண்ணே, இது சிக்கரி." ஆமாடா. நியூ ஆர்லியன்ஸ் காபியில சிக்கரி உண்டு, உள்நாட்டுப் போர்ல துறைமுகத்தை அடைச்சப்ப காபிக்கு பஞ்சம் வந்து சிக்கரி கலந்தது அப்டியே ருசியா நின்னுடுச்சு. அமெரிக்காவுல இருக்குற பாதி தமிழ் வீட்டு கிச்சன்ல அந்த ஆரஞ்சு கலர் கஃபே டு மோண்ட் டப்பா இருக்கே, ஏன்னு நெனச்ச. "நான் ஊர்லேந்து ரெண்டு கிலோ தூக்கிட்டு வர்றேன், கஸ்டம்ஸ்ல தெறந்து காட்டி தெறந்து காட்டி, யாரும் சொல்லலயே"ன்னு கும்பகோணத்தான் அழாத குறை. பால் கொஞ்சம் கம்மி, டிகிரி காபின்னு சொல்ல முடியாது, ஆனா கண்ணை மூடிட்டு குடுத்தா அவன் ஊர் பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லிருவான்.

அன்னிக்கு ராத்திரி சித்தப்பாவுக்கு போன் போட்டேன், அங்க காலை ஆறரை, இறா தீனி தின்னுச்சான்னு செக் ட்ரே பாத்துக்கிட்டிருந்தாரு. 2025 ஆகஸ்ட்ல 50 சதவீதம் வரின்னு இங்க அறிவிச்சப்ப ஏஜெண்ட் பத்து நாள் போனே எடுக்கலன்னு பொலம்பினவரு, அதனால மொதல்ல நல்ல சேதி மாதிரி ஆரம்பிச்சேன். சித்தப்பா, நம்ம பக்கத்து இறாவை இங்க சாப்ட்டேன்.

"எத்தனை கவுண்ட்டு?"

31/40, ஆனா அது பவுண்டுக்கு, தலையில்லாம, நம்ம கணக்குல கிலோவுக்கு அம்பது கவுண்ட் வரும்னேன். வெலை கேட்டாரு. ரொட்டியோட 16 டாலர், பதினெட்டு இறா. அந்தப் பக்கம் ஏரேட்டர் சத்தம் மட்டும் கேட்டுச்சு, மனுஷன் கணக்கு போடுறாரு.

"அப்ப ஒரு இறா எழுவது, எம்பது ரூபாயாடா?"

ரொட்டியும் சேத்துதான் சித்தப்பான்னேன். அவருக்கு கரையில ஒண்ணுக்கு ஏழெட்டு ரூபா கெடைச்சா அது நல்ல நாளு. ரொட்டில அப்டி என்ன இருக்குன்னு கேட்டாரு. 1929லேந்து ஆரம்பிக்கலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, விட்டுட்டேன். கடைக்கார அம்மாவைப் பத்தி சொன்னேன், அவங்க அப்பா போட்டை வித்ததைச் சொன்னேன், அதுக்கு அவரு ஒண்ணும் பேசல, ம்ம்னாரு. புயலைச் சொன்னேன். அப்புறம் தலை விஷயத்தைச் சொன்னேன், தலையை ஏன் கிள்ளிடுறீங்கன்னு அந்தம்மா என்கிட்ட சண்டைக்கு வந்தாங்க சித்தப்பான்னு.

"தலையைக் கேட்டாங்களா?"

ஆமா.

"அப்ப அந்தம்மாவுக்கு இறா தெரியும்"னாரு. தீனி போடுற நேரம் ஆச்சுன்னு வெச்சுட்டாரு.